சூடில்லாத சக்கரம்

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஆண்கள் இரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர். ஆண்கள் அண்ணன் தம்பி. பெண்கள் அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அண்ணன் இன்ஜின் பார்ப்பார். தம்பி நசுங்கியதை நிமிர்த்தி பெயின்ட் அடிப்பார். மூத்தவள் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து போன் எடுப்பாள், வருகிறவர்களிடம் பேசுவாள், போகிறவர்களை நிறுத்தி வைத்து இன்னும் கொஞ்சம் பேசுவாள். இளையவள் பிரேக் பார்ப்பாள். அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊருக்கு அது தேவைப்படவில்லை, பிரேக்கம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

பிரேக் வேலை அவளாகக் கேட்டு வாங்கியது இல்லை, அவள் தலையில் கட்டியது. கல்யாணமாகி வந்த புதிதில் பாகங்களைக் கழுவித் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் மூடியைத் திறந்தால் ஆளாளுக்கு மூக்கை நீட்டுவார்கள், சக்கரத்தைக் கழற்றினால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கறுப்புத் தூள் கையெல்லாம் அப்பும், முதுகு ஒடியும். அப்படிப் பாடுபட்டு முடித்தால் வண்டி பறக்குமா என்றால் அதுவும் இல்லை, நிற்கும். நிற்கிற வண்டியைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்? அண்ணனும் தம்பியும் நீ பார் நான் பார் என்று தட்டிக்கழித்த அந்த வேலையை இவள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் லேசில் விடவில்லை. தையல் கம்பெனியில் ஆயத்த ஆடை தைத்த கை அது. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத்தான் தைக்கும்.

அவளிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலாவது, எந்த வண்டி வாசலுக்குள் வந்து நின்றாலும், ஓட்டியவர் இறங்குவதற்குள் புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கொண்டுபோவாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போல. நாலில் ஒன்று மட்டும் கொதித்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். இரண்டாவது, வண்டியைப் பற்றி ஓட்டுகிறவரிடம் கேட்கவே மாட்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவரிடம்தான் கேட்பாள். ஓட்டுகிறவர் வண்டிக்குப் பழகிப்போயிருப்பார், சத்தம் கேட்காது, கேட்டாலும் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருக்கிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பார், எல்லாம் சொல்வார்.

மூத்தவளுக்கும் அவளுக்கும் பகலெல்லாம் சண்டை. துடைக்கும் துணியில் தொடங்கி மின்விசிறி வேகம் வரைக்கும் சண்டைக்கு விஷயம் உண்டு. ஓரகத்திகள் என்றால் சும்மாவா? ஆனால் ஒரே ஒரு வேலையில் மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு இளையவள் சொன்னபடி கேட்பாள். பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பவள் மூத்தவள். அமுக்குங்க என்றால் அமுக்குவாள், பிடிங்க என்றால் பிடிப்பாள், விடுங்க என்றால் விடுவாள். காலை எடுத்துவிட்டு இறங்கியதும் மறுபடியும் மின்விசிறிச் சண்டை தொடரும். இவ்வளவு காலத்தில், நல்லா செஞ்சிருக்கே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மனசில் இல்லாமல் இல்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று ஒரு பயம்.

அன்றைக்கு மூத்தவளின் மாப்பிள்ளை வருவதாக இருந்தது.

இது சாதாரண வருகை இல்லை. மகளுக்குப் பிரசவமான அன்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரத் தாமதமாகிவிட்டது. பாட்டில் தண்ணீர் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் அவர். மாற்று ஆள் வராமல் மாட்டிக்கொண்டார். வந்த மனிதரை உட்கார்ந்து மூச்சுவிடக்கூட விடாமல், அவர் வீட்டார் முன்னாலேயே, பெண்டாட்டியைவிட பாட்டில்தான் முக்கியமா என்று மூத்தவள் கேட்டுவிட்டாள். வாயிலிருந்து போன சொல்லைக் கயிறு போட்டு இழுக்க முடியுமா? அன்றோடு அவர் வருவது நின்றது. மகளும் வரவில்லை. பேத்தி பிறந்து, தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கவும் ஆரம்பித்துவிட்டாள். பாட்டி அதையெல்லாம் போனில்தான் பார்த்தாள். மகள் அழுது, கெஞ்சி, சாப்பிடாமல் கிடந்து கடைசியில் சம்மதம் வாங்கினாள். ஒரு மணி நேரம் இருப்போம், அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன், சரியென்றால் வருகிறேன் என்றாராம்.

இந்த ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போனால் பேத்தி மறுபடியும் வருவாள், போகாவிட்டால் மறுபடியும் போன்தான். மூத்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். காலையிலிருந்து வீட்டாரை வரிசையில் நிறுத்தாத குறையாக எச்சரித்துக்கொண்டிருந்தாள். புருஷனிடம், மாப்பிள்ளை காரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றாள். அவர் அதற்கும் முன்பாகவே ஒரு காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார், குடும்ப விவகாரம் எதுவானாலும் அவருக்கு அதுதான் இடம். இளையவளிடம் வந்து, "இன்னிக்கு ஒரு நாள் உன் கை உன்னோடயே இருக்கட்டும். வண்டி வந்த உடனே போய்த் தடவிட்டு நிக்காதே" என்றாள்.

"சரிக்கா" என்றாள் இளையவள். உண்மையாகத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளையின் கார் முகம் பார்க்கலாம் போலத் துடைத்துப் பளபளவென்று வந்தது. வாசலில் திரும்பி முற்றத்தில் நின்றது. ஜன்னலில் ஒரு சின்ன முகம் தெரிந்ததும் மூத்தவளுக்குக் கண் மறைத்துவிட்டது. அவள் கதவைத் திறக்க ஓடினாள். அந்தப் பக்கம் இளையவளின் கை சக்கரம் சக்கரமாகப் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கத்து முன் சக்கரத்தில் நின்றது, பின்னால் போய் மறுபடியும் அங்கேயே வந்தது. மாப்பிள்ளை இறங்கி அதைப் பார்த்தார். மூத்தவள் அவசரமாக அவரை மாடிப் படிக்கு அழைத்துப் போனாள்.

மாடியில் வீடு. மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டார். குழந்தை முதலில் பாட்டியைப் பார்த்து வீரிட்டு அழுதது. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தது. அதோடு சிநேகமாகிவிட்டது. மூத்தவள் நாக்கைப் பல்லுக்குள் பூட்டிக்கொண்டு, ஆலையில் வேலை எப்படி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று நல்லபிள்ளையாகக் கேட்டாள். மாப்பிள்ளையும் பதில் சொன்னார். ஒரு தடவை சிரிக்கக்கூட செய்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா மகளைப் பார்த்தாள். கிளம்பும்போது, அடுத்த மாதம் இந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று அவர் தானாகவே சொன்னபோது மூத்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கீழே வந்தால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. காரின் இடது முன் பக்கத்தில் ஜாக்கி ஏறியிருந்தது. இளையவள் ஸ்பேனரோடு மண்டியிட்டிருந்தாள்.

வந்தபோது இந்தச் சக்கரம் மட்டும் கொதித்தது, பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது போல, கழற்றிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றாள். மாப்பிள்ளை, போன வாரம்தான் தானே டார்ச் அடித்துப் பார்த்ததாகவும் பிரேக் பேட் விரல் கனம் இருப்பதாகவும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் காது சிவந்திருந்தது. மூத்தவள் நடுவில் நின்றாள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அவள் வாயைத் திறப்பதற்குள் சக்கரம் கழன்று தரைக்கு வந்துவிட்டது.

இளையவள், டிஸ்க் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேட் இரண்டையும் பார்த்தாள். வெளிப்பக்கம் நல்ல கனம். உள்பக்கமும் நல்ல கனம். டிஸ்க்கை ஒரு விரலால் தள்ளினாள், தடையில்லாமல் சுற்றியது. எங்கேயும் ஒட்டவில்லை, எதுவும் தேயவில்லை. மாப்பிள்ளையின் பேச்சு அப்படியே மெய்யாக முன்னால் இருந்தது.

"பாத்தாச்சா? போலாமா?" என்றார் அவர்.

மூத்தவளுக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன கேடு, ஒரு நாள் கையை மடக்கி வைத்திருந்தால் குறைந்தா போவாள் என்று உள்ளுக்குள் வைதாள். ஆனால் இளையவள் சக்கரத்தை எடுத்து மாட்டவில்லை. மண்டியிட்டபடியே இருந்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்க்காமல், குழந்தையோடு நின்ற மகளைப் பார்த்துக் கேட்டாள். வண்டியை நிறுத்தும்போது ஏதாவது தெரிகிறதா?

மகள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவள் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. ஒரு வருஷம் அழுது சேர்த்த சமாதானம் ஒரு பக்கம், சித்தி கேட்கிற கேள்வி மறு பக்கம். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "பிரேக் போடறப்போ ஸ்டியரிங்கை லேசா வலது பக்கம் ஒடிச்சுப் பிடிப்பார் சித்தி. ரொம்ப நாளா அப்படித்தான்."

ரோடு சரிவு, அதனால்தான் என்றார் மாப்பிள்ளை. எல்லா ரோடுமா என்று யாரும் கேட்கவில்லை. இளையவள் எழுந்து நின்றாள்.

"நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இந்தச் சக்கரத்துக்கு ஒண்ணுமில்ல. இது ரெண்டு சக்கரத்து வேலையச் சேர்த்துச் செய்யுது, அதான் இப்படிச் சுடுது, வண்டியையும் தன் பக்கமா இழுக்குது. கோளாறு அந்தப் பக்கம். சூடே இல்லாத சக்கரத்தைக் கழட்டணும்."

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. ஒன்று ஒன்றாகக் கழற்றி விளையாட இந்த வண்டிதான் கிடைத்ததா என்றார். இதற்குத்தான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றேன், இங்கே வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டித்தான் அனுப்புவார்கள் என்றார். கழற்றியதை மாட்டுங்கள் என்றார். பெண்டாட்டியைப் பார்த்து, ஏறு என்றார். இனிமேல் என்னை இங்கே கூப்பிடாதே என்றும் சொன்னார்.

மூத்தவள் காலையிலிருந்து எதற்குப் பயந்தாளோ அது வந்து நின்றது. இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ உள்ளே போ என்று ஓரகத்தியை ஒரு அதட்டு அதட்டினால் மாப்பிள்ளையின் மனம் ஆறும், பேத்தி அடுத்த மாதமும் வருவாள். அதட்டுவது அவளுக்குப் புதுசா என்ன? வாயை எடுத்தும் விட்டாள். அப்போது இளையவளின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் வீம்பு இல்லை. வீம்புக்காரி தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வாளா? அப்படியே சொன்னாலும், தலைகுனிந்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பாள். இவளோ தப்பையும் ஒத்துக்கொண்டாள், ஸ்பேனரையும் விடவில்லை. வசவு வாங்குவோம், வீட்டில் சண்டை வரும், மூத்தவள் உயிரை எடுப்பாள் என்று தெரிந்தே நிற்கிறாள். அவளுக்கு அந்த வண்டியில் ஏறப்போகிற குழந்தை தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இப்படி ஒரு மனுஷியோடா இத்தனை நாள் மின்விசிறிக்குச் சண்டை போட்டோம் என்று இருந்தது மூத்தவளுக்கு.

அவள் காரின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்கறதா இருந்தா மேல போய் உட்கார்ந்து நல்லாக் கோவிச்சுக்கங்க. நான் வேணாங்கல. ஆனா அவ பாக்காம இந்த வண்டி நகராது."

மாப்பிள்ளை மேலே போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். இளையவள் இடது சக்கரத்தைத் திரும்ப மாட்டினாள். ஜாக்கி வலது பக்கம் போனது, சக்கரம் கழன்றது. வெளிப்பக்கத்துப் பேட் அவர் சொன்னபடியே விரல் கனம் இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை முடித்திருக்கலாம், வெளியிலிருந்து டார்ச் அடித்தால் அதுதான் தெரியும். இளையவள் தட்டித் தட்டி உள்பக்கத்துப் பேட்டை உருவினாள். வெறும் இரும்புத் தகடு வந்தது. உரசிப் பிடிக்கிற லைனிங் என்று சொல்ல அதில் ஒன்றுமே மிச்சமில்லை. டிஸ்க்கின் உள்முகம் உழுத வயலாகக் கிடந்தது. இரண்டு பேட்டையும் சேர்ந்தாற்போல நகர்த்த வேண்டிய பின்கள் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. உள்பக்கம் மட்டும் உரசித் தேய்ந்து தீர்ந்தபின், அதைத் தள்ளுகிற பிஸ்டனும் துருவில் பாதி சிக்கி, தள்ளியும் தள்ளாமலும் கிடந்தது. அதனால் அந்தச் சக்கரம் ரொம்ப நாளாக வேலையே செய்யவில்லை, சூடாகவும் இல்லை.

மாப்பிள்ளை ஊருக்குப் போகிற வழியில் நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் அந்த நேரத்தில் அதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மூத்தவள் அங்கே கிடந்த ஒரு பழைய டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை அந்தத் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இளையவள் அவரைக் குத்திக்காட்ட ஒரு சொல் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் இது தெரியாது, நானே தொட்டும்கூடத் தப்பான சக்கரத்தைத்தானே முதலில் கழற்றினேன் என்று சொன்னாள். பேட்டை இரண்டு சக்கரத்துக்கும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மறுபடியும் ஒரு பக்கம் இழுக்கும் என்றாள். புது பேட்டும் டிஸ்க்கும் வாங்கத் தன் புருஷனை அனுப்பினாள். வர நேரமாகும், அதுவரை மேலே இருங்கள் என்றாள்.

சாப்பாட்டு வேளை ஆகியிருந்தது. யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, கூப்பிடும் தைரியம் யாருக்கும் இல்லை. அவரே தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார். மூத்தவள் ஒரு வார்த்தை பேசாமல் பரிமாறினாள். அவள் பேசாமல் பரிமாறி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. காருக்கடியிலிருந்து எழுந்து வந்த அவள் புருஷன், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டே விட்டார்.

டிஸ்க்கும் பேட்டும் வந்தன. இளையவள் துருவையெல்லாம் சுரண்டி எடுத்து, பின்களுக்கு கிரீஸ் தடவி, பிஸ்டனைப் பிரித்துத் துடைத்து, ரப்பர் மாற்றி, மாட்ட வேண்டியதை மாட்டினாள். ஒவ்வொன்றையும் மாட்டியபின் கையால் அசைத்துப் பார்த்தாள், அசைத்தபின் இன்னொரு தடவை பார்த்தாள். அவசரப்படுத்துகிற வாய் அன்று முற்றத்தில் ஒன்றும் இல்லை. குழாயில் காற்று எடுக்கிற நேரம் வந்தபோது மூத்தவள் வழக்கம்போலப் பெடலுக்குப் போனாள். மாப்பிள்ளை, நான் மிதிக்கிறேன் அத்தை என்று முந்திக்கொண்டார். அமுக்குங்க என்றால் அமுக்கினார், பிடிங்க என்றால் பிடித்தார், விடுங்க என்றால் விட்டார். ஷிப்டில் எத்தனையோ பேரை வேலை வாங்குகிற மனிதர் என்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

முடிந்ததும் இளையவள் சாவியைக் கேட்டாள். பிரேக் பார்த்த வண்டியின் முதல் ஓட்டம் அவளுடையது. வேறு ஒருத்தரும் ஏறக்கூடாது, முற்றத்தில் குறுக்கே ஒருத்தரும் நிற்கக்கூடாது. மாப்பிள்ளையும் மகளும் சுவரோரமாக ஒதுங்கினார்கள். குழந்தை பாட்டியின் இடுப்பில் இருந்தது. இளையவள் பெடலைப் பல தடவை மிதித்து, அது கெட்டிப்பட்டதை உறுதி செய்துகொண்டு, வண்டியை வெளியே எடுத்து மேட்டுத் தெருவில் ஏற்றினாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மேட்டிலிருந்து வண்டி இறங்குகிற இரைச்சல் கேட்டது, வேகமாகத்தான் வந்தது. வாசலில் திரும்பியது. நேராக முற்றத்துக்குள் நுழைந்து, மூக்கு ஒரு பக்கமும் சாயாமல், நின்றது.

நின்ற இடத்திலிருந்து ஒரு கை நீளத்தில், முற்றத்தின் நடுவில், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூத்தவள் நின்றிருந்தாள். குழந்தையின் விரலைப் பிடித்து, சித்திப் பாட்டி வரா பார் என்று காட்டிக்கொண்டிருந்தவள், நகரவே இல்லை.

இளையவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அந்த முற்றம் கேட்டதில்லை. நேரே மூத்தவள் முன்னால் வந்து, "அறிவிருக்கா அக்கா உங்களுக்கு? டெஸ்ட் பாக்கற வண்டி முன்னாடி பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு நிக்கறீங்களே, நகர வேணாமா?" என்று கத்தினாள்.

மூத்தவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். தான் எங்கே நிற்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு அது தோணவே இல்லடி" என்றாள். "நீ பாத்த பிரேக்குதானே."

இன்னும் ரெண்டு திட்டு திட்ட வாயெடுத்த இளையவள் அழுக்குக் கையென்றும் பாராமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது, குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது. மாப்பிள்ளை சுவரோரத்திலிருந்து வந்தார். நேரமாகிவிட்டது, இருட்டுவதற்குள் இறக்கத்தைத் தாண்ட வேண்டும். குழந்தையை வாங்கிக்கொள்ள மாமியாரிடம் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டியவர் என்ன நினைத்தாரோ, கையை மடக்கிக்கொண்டார்.

"இருக்கட்டும் அத்தை. நாளைக்குப் போய்க்கறோம். நீங்களே வச்சிருங்க."